போக ஒரு வண்டி, திரும்ப ஒரு வண்டியா?

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் வண்டியோட்டுகிறவர்களிடையே ஒரு சொல் வழங்கி வருகிறது. "பாலைக்குள் போக வேண்டுமானால் லேண்ட் ரோவரில் போ, திரும்பியும் வர வேண்டுமானால் லேண்ட் குரூசரில் போ" என்பார்கள். ஒரு வண்டியை வாழ்த்துவதுபோலத் தொடங்கி, அதையே இடித்துரைத்து முடிகிறது இந்தச் சொல். கேட்பவர் சிரித்துவிடுவார். ஆனால் சிரித்தவர்களில் பலர் இதையே அளவுகோலாகக் கொண்டு தம் சேமிப்பையெல்லாம் கொட்டி வண்டி வாங்கியும்விடுகிறார்கள். கேலிப் பேச்சு பொறியியல் ஆகாது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழைய நினைவு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டாகச் செய்யும் ஆராய்ச்சியன்று இது. 1963 டிசம்பரில், தென் ஆஸ்திரேலியாவின் மரீ என்னும் சிற்றூரையும் குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில்லையும் இணைக்கும் தடத்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேர் மாண்டனர். வழி தவறியது, பெட்ரோல் தீர்ந்தது, பிறகு குடிநீரும் தீர்ந்தது. அவர்கள் சென்றது சாதாரணக் கார்தான். ஆயினும் அந்நிகழ்ச்சி ஒரு பாடத்தைத் தெளிவாகச் சொல்கிறது. நெடுந்தொலைவுப் பயணத்தில் ஆளைக் கொல்வது ஏற முடியாத மேடு அன்று. தீர்ந்துபோன கலமும் நின்றுபோன வண்டியுமே. வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே பிறக்கிறது.

எந்த வண்டிகள்? எந்தப் பயணம்?

ஒப்பீடு என்றால் இரண்டும் ஒரே தராசில் நிற்க வேண்டும். ஒருபுறம் லேண்ட் ரோவர் டிபெண்டர் 110. 1994 முதல் வந்த 300 டி.டி.ஐ. டீசல் என்ஜின் பொருத்தியது. மறுபுறம் டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையில், ஆஸ்திரேலியர்கள் 'ட்ரூப் கேரியர்' என்று அழைக்கும் நீண்ட உடல் வண்டி; 1990இல் வந்த 1 எச்.இசட். டீசல் என்ஜின் கொண்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இரண்டிலும் எரிபொருளை உட்செலுத்தும் பம்பு எந்திர முறையில் இயங்குவது; மின்னணுப் பெட்டியின் ஆணைக்குக் காத்திருப்பதில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரு டன் சுமை தாங்கும். நெடும்பயணம் செல்வோர் பழைய வண்டிச் சந்தையில் இன்றும் தேடுவன இவை.

பழைய டிபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரி 29 அன்று இங்கிலாந்தின் சாலிஹல் ஆலையில் முடிவுற்றது. பின்னர் அதே பெயரில் வந்த வண்டி, தனி அடிச்சட்டம் இல்லாத வேறொரு படைப்பு. அது இங்கு நம் பேச்சில் இல்லை. லேண்ட் குரூசர் 70 வரிசை 1984இல் தொடங்கி, என்ஜின்கள் மாறியபோதிலும் இன்றுவரை வெளிவருகிறது.

பயணத்தையும் வரையறுத்துக்கொள்வோம். சிம்சன் பாலைவனத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்க வேண்டும். ஒன்றுக்கொன்று இணையாக 1,000க்கும் மேற்பட்ட மணல் மேடுகள் அங்கே குறுக்கே கிடக்கின்றன. மவுண்ட் டேர் என்ற இடத்தில் எரிபொருள் நிரப்பினால் அடுத்து பேர்ட்ஸ்வில்லில்தான் கிடைக்கும். இடைத்தொலைவு ஏறத்தாழ 500 கி.மீ. பயணிகள் இருவர். கோடையில், அதாவது டிசம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை, இப்பகுதி பயணிகளுக்கு மூடப்பட்டிருக்கும். ஆகவே காலம் குளிர்காலம்.

சொல் வழக்கு பிறந்த கதை

லேண்ட் ரோவர் பற்றாக்குறையில் பிறந்த வண்டி. ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் போர்க்காலத்து ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதற்கு மாற்றாக ஒரு வண்டியை 1947இல் அங்குள்ள கடற்கரை மணலிலேயே வரைந்து காட்டினார் என்பது அந்நிறுவனம் போற்றும் வரலாறு. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி அறிமுகமாயிற்று. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு இருந்தது. விமானத் தொழிலுக்கு உதவிய அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. எனவே உடல் அலுமினியக் கலவையாயிற்று. என்ஜின் 1.6 லிட்டர், 50 குதிரைத்திறன்.

லேண்ட் குரூசரின் பிறப்பு வேறு. 1951இல் டொயோட்டா தன் ஜீப் மாதிரியை உருவாக்கியபோது, தான் லாரிகளுக்குச் செய்துவந்த 3.4 லிட்டர், ஆறு உருளை என்ஜினையே அதில் வைத்தது. அவ்வண்டி ஃபூஜி மலையின் ஆறாம் நிலையம்வரை ஏறிக் காட்டியது. 'ஜீப்' என்பது பிறர் வணிகப் பெயர் என்பதால் 1954இல் அதற்கு லேண்ட் குரூசர் என்ற பெயர் வந்தது. சிறு என்ஜினை முழுமூச்சாய் உழைக்க வைப்பது ஒரு வழி. பெரிய என்ஜினைப் பாதி மூச்சில் ஓட விடுவது மற்றொரு வழி. இவ்விரு குணங்களும் பிறப்பிலேயே அமைந்தவை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1949 முதல் 1974 வரை நடந்த ஸ்நோயி மலை நீர்மின் திட்டத்தில் முதலில் உழைத்தவை லேண்ட் ரோவர்களே. 1950களின் இறுதியில், அத்திட்டத்தில் பணியாற்றிய தீஸ் சகோதரர்கள் என்னும் ஒப்பந்தக்காரர்கள் லேண்ட் குரூசர்களை இறக்குமதி செய்தார்கள். அப்போதைய லேண்ட் ரோவரில் பின்சக்கர அரையச்சுத் தண்டுகள் பலவீனமானவை. சுமையோடு மேடேறும்போது முறியும். அதன் 2.25 லிட்டர் என்ஜின், 3.9 லிட்டர் லேண்ட் குரூசருக்கு முன் மூச்சு வாங்கியது. 1968இல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங்கூட்டில் ரோவர் சேர்ந்தது. அக்கூட்டு நொடித்து 1975இல் அரசின் கைக்குப் போயிற்று. வண்டியைச் செம்மைப்படுத்தப் போதிய முதலீடு கிட்டவில்லை. நாம் தொடக்கத்தில் கண்ட சொல்லுக்குப் பொருள் தந்தவை அந்தப் பழைய வண்டிகளே. 1983இல் சுருள்வில்லும் நிலையான நாற்சக்கர இயக்கமும் பெற்று வந்த 110 அந்த வண்டியன்று. தந்தையின் கடனை மகன் தலையில் எழுதுவது போன்றது இப்பழி. இது முதல் குறை.

நெளிதகட்டுப் பாதை

பாலையைத் தொடுமுன்பே வண்டிக்குச் சோதனை தொடங்கிவிடுகிறது. மரீயிலிருந்து மார்லாவரை ஏறத்தாழ 620 கி.மீ. செல்லும் ஊட்னடாட்டா தடத்தைப் போன்ற மண் பாதைகளில், கூரைத் தகட்டைப் போட்டதுபோல் குறுக்கு நெளிவுகள் விழுந்திருக்கும். இவை ஏன் உண்டாகின்றன என்று கீத் மாதர் என்ற ஆய்வாளர் 1960களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தார். வில்லே இல்லாத வெறும் சக்கரம்கூட, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மணலில் நெளிவுகளை உண்டாக்கிவிடும் என்பதை 2007இல் வெளியான சோதனைகளும் காட்டின. ஆகவே பாதையைப் போடுபவர் மீதோ வண்டியின் வில்மீதோ மட்டும் பழி சொல்ல இயலாது.

ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் முக்கால் மீட்டர் இடைவெளி எனக் கொள்வோம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 30 அடி வாங்குகிறது. 620 கி.மீ. முழுதும் நெளிந்திருந்தால் மொத்தம் 8 லட்சத்துக்கும் அதிகமான அடிகள்! ஓர் அடி எதையும் உடைப்பதில்லை. ஆனால் உலோகத்துக்கும் களைப்பு உண்டு. தாங்கக்கூடிய சுமையே லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று தோன்றி வளர்ந்து ஒருநாள் முறிவாகிறது.

இங்கே டிபெண்டரின் சுருள்வில் ஓட்டுபவருக்கு உற்ற நண்பன். சக்கரங்கள் வெகுதூரம் ஏறி இறங்குவதால் உடலுக்கு அதிர்வு குறைவு; ஓட்டுநர் களைப்பின்றி இருப்பதும் பாதுகாப்பில் ஒரு பகுதிதான். ஆனால் சுருள்வில் சுமையை மட்டுமே தாங்கும். அச்சை இடத்தில் நிறுத்தத் தனிக் கைகளும், அவற்றின் மூட்டுகளில் ரப்பர்ப் புதைகளும் வேண்டும். அதிர்வைத் தணிக்கும் வேலை முழுவதும் ஷாக் அப்சார்பர் தலையில் விழுகிறது. நெளிவுகளில் அது கொதிக்கும் அளவுக்குச் சூடேறிச் செயலிழக்கக்கூடும்.

லேண்ட் குரூசரோ லாரியில் காண்பதுபோன்ற பட்டைவில்லை நான்கு மூலைகளிலும் கொண்டிருந்தது. 1999க்குப் பின் முன்புறத்தில் மட்டும் சுருள்வில் வந்தது. பட்டைவில் சுமையையும் தாங்கும், அச்சையும் பிடித்து நிறுத்தும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஓரளவு அதிர்வையும் தானே தணிக்கும். ஒரு பட்டை முறிந்தால் மரக்கட்டையும் கம்பியும் வைத்துக் கட்டி, மெல்ல ஊர் சேரலாம். முதுகெலும்பு நோவது மட்டும் உறுதி. வசதி டிபெண்டருக்கு, எளிமை லேண்ட் குரூசருக்கு என்று இந்தப் பகுதியை முடிக்கலாம்.

இரண்டு என்ஜின்கள்

300 டி.டி.ஐ. நான்கு உருளைகளும் 2.5 லிட்டர் கொள்ளளவும் உடையது. டர்போ எனும் சுழலி காற்றை அழுத்தி ஊட்டுகிறது. டீசல் நேராக எரி அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. 111 குதிரைத்திறனும் 265 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைக்கின்றன. 1 எச்.இசட். ஆறு உருளைகளும் ஏறத்தாழ 4.2 லிட்டரும் உடையது, டர்போ இல்லை. டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் பற்றிப் பிறகு உருளைக்குள் பாய்கிறது. திறன் சுமார் 130 குதிரை. முறுக்குவிசை 285 நியூட்டன் மீட்டர்.

மொத்தத்தைப் பார்த்தால் அதிக வேறுபாடில்லை. ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். டிபெண்டரின் ஒவ்வொரு லிட்டரும் 106 நியூட்டன் மீட்டர் தருகிறது. லேண்ட் குரூசரின் லிட்டர் 68 மட்டுமே. அதாவது சிறிய என்ஜினுக்குள் அழுத்தமும் அதனால் வெப்பமும் மிகுதி. அதன் மேல்மூடி அலுமினியத்தால் ஆனது; குளிர்நீர் ஒழுகிப்போனதைக் கவனிக்காமல் ஓட்டினால் மூடி வளைந்து, கேஸ்கெட் போய்விடும். தொடக்கக் காலத்து 300 டி.டி.ஐ.களில் கேம் தண்டை ஓட்டும் பட்டை நேர்கோட்டில் அமையாமல் தேய்ந்து அறுந்த குறையும் இருந்தது, பின்னர் திருத்தப்பட்டது. பட்டை 1 எச்.இசட்.இலும் உண்டு, குறித்த தொலைவில் அதையும் மாற்றத்தான் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்னறை முறையில் எரியும் வாயு குறுகிய வழியே பாய்வதால், வெப்பத்தின் ஒரு பங்கு சுவர்கள் வழியே வீணாகிறது. ஆகவே 1 எச்.இசட். அதிக டீசல் குடிக்கிறது. உயரமான இடங்களில் அதன் பலவீனம் இன்னும் வெளிப்படும். தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலையில் அக் பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு 62 பங்குதான். டர்போ இல்லாத என்ஜின் அந்த அளவுக்கு வலுவிழக்கும். டர்போ உடையது இழப்பைப் பெரிதும் ஈடுகட்டிவிடும். நம் பயணம் பாமிரில் என்றால் என் பேனா இங்கே டிபெண்டர் பக்கம் சாயும். சிம்சன் பாலையோ தாழ்நிலம். அங்கு அந்த மேன்மைக்கு வேலையில்லை. வண்டியின் குணத்தை நிலத்தைச் சொல்லாமல் சொல்லக்கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

டீசலும் நீரும்

மணலில் எரிபொருள் செலவு பெரிதும் கூடும். கணக்கிற்காக 100 கி.மீ.க்கு டிபெண்டர் 18 லிட்டரும் லேண்ட் குரூசர் 24 லிட்டரும் குடிக்கும் எனக் கொள்வோம். 500 கி.மீ. பயணத்தில் சுற்றுவழிக்கும் பின்வாங்கலுக்கும் 100 கி.மீ. சேர்த்து 600 கி.மீ.; அதன்மேல் காற்பங்கு கையிருப்பு. டிபெண்டருக்கு 135 லிட்டரும் லேண்ட் குரூசருக்கு 180 லிட்டரும் வேண்டும்.

டிபெண்டரின் கலம் 80 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. மீதியை 20 லிட்டர்த் தகரக் கலங்கள் மூன்றில் எடுத்துச்செல்ல வேண்டும். ட்ரூப் கேரியரிலோ ஒவ்வொன்றும் 90 லிட்டர் கொள்ளும் இரண்டு கலங்கள் வண்டியின் அடியிலேயே உள்ளன. மொத்தம் 180 லிட்டர். நம் கணக்குக்கு அளந்து வைத்ததுபோல் இருக்கிறது!

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. 45 லிட்டர் டீசல் ஏறத்தாழ 38 கி.கி. எடையுள்ளது. அவ்வளவு எடையைக் குறைவாகச் சுமக்கும் டிபெண்டர், அதற்குப் பதிலாக 38 லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 7 லிட்டர் என்றால், இருவருக்கு இரண்டு நாட்களுக்கும் மேலாக உயிர்நீர்! சிக்கனமான என்ஜின் பணத்தை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை. இதை ஒப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அதே வேளையில், அந்தத் தகரக் கலங்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. பலர் கூரைமேல் கட்டுகிறார்கள். 50 கி.கி. எடை கூரைக்கு ஏறினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயரும். மணல் மேட்டில் பக்கவாட்டில் சாயும்போது கவிழும் இடர் கூடும். வண்டிக்குள் வைத்தால் டீசல் நாற்றத்தோடு உறங்க வேண்டும். தாழ்வாகவும் நடுவாகவும் எரிபொருளைச் சுமப்பது லேண்ட் குரூசரின் பெரிய சிறப்பு. டிபெண்டரை வாங்குகிறவர் கூடுதல் அடிக்கலத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

மணலில்

வண்டி ஒன்று 3,000 கி.கி. எடையுடன் நிற்கிறது, சக்கரத்துக்கு 750 கி.கி. டயரில் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.5 கி.கி. என்றால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 300 சதுர செ.மீ. அழுத்தத்தை 1.1 ஆகக் குறைத்தால் பரப்பு 680க்கு உயரும். டயரின் விறைப்பால் இக்கணக்கு சற்று மாறும், போக்கு மாறாது. இருமடங்குக்கும் மேற்பட்ட பரப்பில் எடை பரவுவதால் சக்கரம் புதைவதில்லை. இது இரு வண்டிகளுக்கும் பொது. காற்றை இறக்காத லேண்ட் குரூசர் புதையும். இறக்கிய டிபெண்டர் மிதந்து போகும். பின்னர்க் காற்றடிக்க ஒரு சிறு பம்பு வேண்டும். அதன் விலை வண்டி விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

டிபெண்டரில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்குகின்றன. வளைவில் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தொலைவு செல்வதால், இரு அச்சுகளுக்கும் இடையே ஒரு டிபரன்ஷியல் வைத்திருக்கிறார்கள். மணலில் அதைப் பூட்டிக்கொள்ளலாம். இதனால் சரளைச் சாலையிலும் பிடிப்பு நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கிடைக்கிறது. லேண்ட் குரூசரில் அந்த நடு டிபரன்ஷியல் இல்லை. கெட்டியான சாலையில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்க வேண்டும். இழுபொறி ஒன்று குறைவு, கெடும் பொருள் ஒன்று குறைவு என்று சிலர் இதைப் புகழ்கிறார்கள். ஆனால் சரளையில் வழுக்கிக் கவிழ்வதும் விபத்துதானே? இந்த இடத்தில் டிபெண்டரின் அமைப்பே மேலானது.

மேட்டின் முகட்டை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. வேகம் தளர்ந்து என்ஜின் சுற்று குறையும்போது டர்போவுக்குப் போதிய புகை வேகம் கிட்டாது, 2.5 லிட்டர் என்ஜின் தன் உண்மையான சிறுமையைக் காட்டிவிடும். 4.2 லிட்டர் என்ஜின் அதே சுற்றில் நிதானமாக இழுத்துக்கொண்டிருக்கும். பழகிய ஓட்டுநர் முன்கூட்டியே கியரை மாற்றி இதைச் சமாளிப்பார். புதியவர் பின்னால் வழுக்கி வந்து மறுமுறை முயல்வார்.

இங்கே டொயோட்டாவின் மேல் ஒரு கண்டனத்தையும் வைக்க வேண்டும். 2007இல் ஆஸ்திரேலியாவில் 1 எச்.இசட்.க்குப் பதிலாக எட்டு உருளை டர்போ டீசல் என்ஜின் வந்தது. அகலமான அந்த என்ஜினுக்கு இடம் தர முன்சக்கரங்களை விலக்கி வைத்தார்கள்; பின்னச்சைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். விளைவு, பின்சக்கரங்களின் இடைவெளி முன்சக்கரங்களினுடையதைவிட ஏறத்தாழ 95 மி.மீ. குறைவு. மணலில் முன்சக்கரம் அழுத்திப் போட்ட தடத்தில் பின்சக்கரம் வந்தால் பாதி உழைப்பு மிச்சம். இதிலோ பின்சக்கரம் தடத்தின் ஓரத்தைப் புதிதாக இடித்துக்கொண்டு வர வேண்டும். பாலைவனத்து வண்டி என்று பெயர் வாங்கிய ஒன்று, மணலின் இந்த எளிய விதியை மறந்தது வியப்பே. நாம் தேர்ந்த 1 எச்.இசட். வண்டியில் இக்குறை இல்லை.

உடைதலும் செப்பனிடுதலும்

லேண்ட் ரோவரை ஆதரிப்போர் சொல்லும் வாதம் ஒன்று: "உடையத்தான் செய்யும், ஆனால் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம்." இதில் உண்மை உண்டு. பழைய வண்டியில் அரையச்சு முறிந்தால், சக்கரத்தைக் கழற்றாமலேயே குமிழின் திருகுகளை அவிழ்த்து, முறிந்த தண்டை உருவி, புதியதைச் செருகலாம். தட்டையான தகடுகள், திருகு வைத்த இணைப்புகள் என அதன் உடலே ஒரு பாடநூல் போன்றது.

ஆனால் எண்களும் பேச வேண்டும். ஒரு வண்டியில் ஒன்று கெட்டாலும் பயணம் நிற்கும்படியான உறுப்புகள் 100 உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் 1,000 பயணங்களில் ஒரு முறை கெடும் என்றால், முழு வண்டி 100 பயணங்களில் ஏறத்தாழ 10 தடவை நின்றுவிடும். உறுப்பு ஒவ்வொன்றும் 10,000 பயணங்களில் ஒரு முறை கெடும் என்றாலோ வண்டி நிற்பது ஒரே தடவை. தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத தர வேறுபாடு, நூறு உறுப்புகள் சேரும்போது பெரும் பிளவாகிறது. செப்பனிடும் எளிமை நல்லதே. ஆயினும் அது கையில் கருவியும், பையில் உதிரிப் பாகமும், நெஞ்சில் அமைதியும் உள்ளவருக்கே பயன்படும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த எளிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

உலோகமும் இதில் தன் பங்கைக் கேட்கிறது. அலுமினிய உடல் செந்துருப் பிடிக்காது என்று மகிழ்வோர், அது எஃகைத் தொடும் இடங்களில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலமே உண்டாகி அலுமினியம் அரிக்கப்படுவதை மறக்கிறார்கள். டிபெண்டரின் அடிச்சட்டமோ எஃகுதான், அது துருப்பிடிக்கும். உடைந்த எஃகை எந்தப் பண்ணைப் பட்டறையிலும் பற்றவைத்துவிடலாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்; அதன்மேல் படிந்துள்ள ஆக்சைடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதைப் பற்றவைக்கத் தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அண்டை வீட்டுக்காரர் என்ன வண்டி வைத்திருக்கிறார் என்பது முக்கியம். ஆஸ்திரேலிய உட்பகுதியில் மாட்டுப் பண்ணைகளும் சுரங்கங்களும் பெரும்பாலும் லேண்ட் குரூசரையே நம்பியிருக்கின்றன. எனவே உதிரிப் பாகமும் அதை அறிந்த கைகளும் எங்கும் கிடைக்கின்றன. இது வண்டியின் உள்ளே உள்ள சிறப்பன்று. ஊரில் உள்ள சிறப்பு. ஆனாலும் நடுவழியில் நிற்பவருக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல.

தீர்ப்பு

சிம்சன் பாலையைக் கடக்கும் இருவர் என்னிடம் கேட்டால், 1 எச்.இசட். பொருத்திய ட்ரூப் கேரியரையே சொல்வேன். எரிபொருளைத் தாழ்வாகவும் போதுமான அளவிலும் சுமக்கிறது. என்ஜின் தன் வலுவில் ஒரு பகுதியைச் சேமித்தே வைத்திருக்கிறது. கெட்டால் உதவி அருகில் கிடைக்கிறது. இந்த மூன்றும் 1963இல் நடந்ததைப் போன்ற முடிவைத் தள்ளிவைப்பவை. சொகுசு, சரளையில் பிடிப்பு, சிக்கனம் ஆகிய மூன்றிலும் டிபெண்டரே முன்னிற்கிறது. அந்த மூன்றுக்காக அதைத் தேர்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். கூடுதல் கலம் பொருத்தி, குளிர்நீரை நாள்தோறும் பார்த்து, பட்டையைக் காலத்தில் மாற்றுபவர் போகவும் செய்வார், திரும்பவும் செய்வார்.

ஆகவே சொல் வழக்கு பாதி உண்மை. பழைய வண்டிகளுக்கு அது பொருந்தியது. பின்னர் வந்தவற்றுக்குத் தேய்ந்துபோன நாணயம்போல் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதன் பெரிய குறை வேறு. திரும்பி வருவதை வண்டியின் பெயர்ப்பலகையில் தேடச் சொல்கிறது அது. சிம்சன் பாலையை முதன்முதலில் மோட்டார் வண்டியில் கடந்தவர் ரெக் ஸ்பிரிக். எடியக்காரா மலைகளில் தொன்மையான உயிர்ப்பதிவுகளைக் கண்டறிந்த நிலவியலாளர் அவர். 1962இல் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் உடனழைத்துக்கொண்டே அவர் அதைக் கடந்தார். அவர் ஓட்டியது லேண்ட் ரோவரும் அன்று, லேண்ட் குரூசரும் அன்று; நிசான் பட்ரோல் என்ற மூன்றாவது வண்டி! நிலத்தைப் படித்தவர், நீரையும் எரிபொருளையும் கணக்கிட்டவர், போய்த் திரும்பினார்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு தாளில் தொலைவையும் டீசலையும் குடிநீரையும் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். அந்தக் கூட்டுத்தொகைக்கு எந்த வண்டி இடம் தருகிறதோ, அதுவே அவர்களுக்கு ஏற்ற வண்டி.